பெட்டிக்குள் ஊர்க்காற்று

முதலாளி பழமலைநாதன் யாரையும் பேர் சொல்லித் திட்டமாட்டார். அது பண்பாடு இல்லை என்பது அவர் கொள்கை. அதனால்தான் அன்று காலை ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, "நம்ம கம்பெனி வண்டி பெட்ரோல ஒருத்தரு வெளியில வித்திருக்காரு. பேரு சொல்ல நான் விரும்பல. வண்டிய ஓட்டறவருதான் அவரு" என்று சொல்லிவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு வழக்கமான தர உறுதிமொழியை வாசிக்கத் தொடங்கினார்.

கம்பெனியில் வண்டி ஒன்று. ஓட்டுகிறவன் தனபால் ஒருவன்.

தனபாலின் பெண்டாட்டி சந்திரலேகா மூன்றாவது வரிசையில் வலது கையை முன்னால் நீட்டியபடி நின்றிருந்தாள். உறுதிமொழிக்குக் கை நீட்ட வேண்டும் என்பது விதி. "ஊசித்துளையும் இல்லாத பொருளை உலகுக்குத் தருவோம்" என்று நாற்பது வாய் அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னது. எண்பது கண்ணும் அவள் மேல் இருந்தது. நீட்டிய கையை அவள் கீழே போட்டாள்.

மேஸ்திரி கோவிந்தராசு பக்கத்தில் வந்து, "பயப்படாத லேகா. போலீசுக்கெல்லாம் போவ மாட்டாரு" என்று ஆறுதல் சொன்னார்.

"போவச் சொல்லுங்க மேஸ்திரி" என்றாள் அவள். "போவலன்னாதான் எனக்கு பயம்."

விருத்தாசலம் என்றால் பழைய மலை என்று அர்த்தம். பழமலைநாதன் என்றால் அந்த மலைக்கு நாதன். ஊரில்தான் மலை கிடையாது. உலகத்தில் முதலில் முளைத்த மலையாம், மண்ணுக்குள் இறங்கிவிட்டதாம். சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை முந்திரித் தோப்பும் கரும்புக் கொல்லையும் மணிமுத்தாற்று மணலும்தான். ரயில்வே மேம்பாலத்தைத் தவிர இந்த ஊர் வண்டிகள் திணறுவதற்கு ஒரு மேடு இல்லை. முதலாளியும் அப்படித்தான். அறுபது வயதுவரை அவர் ஏறிய உயரமெல்லாம் மேடை உயரம். 'பீங்கான் பேரொளி' என்று அவருக்கு ஒரு பட்டம் உண்டு. கொடுத்தது ஒரு சங்கம். சங்கத்துக்குத் தலைவர் அவரே. தனக்குத் தானே பொன்னாடை போர்த்திக்கொண்டால் நன்றாக இருக்காது என்று அன்றைக்கு மட்டும் துணைத்தலைவர் போர்த்தினார். துணைத்தலைவர் அவர் மைத்துனர்.

செராமிக் தொழிற்பேட்டையில் அவர் கம்பெனி கடைசி ஷெட். ப்யூஸ் கேரியரும், கம்பத்தில் மாட்டும் இன்சுலேட்டரும், சீசனுக்குக் கொலு பொம்மையும், பூந்தொட்டியும் போடுகிறார்கள். சந்திரலேகாவுக்குச் சோதனை மேசையில் வேலை. சூளையிலிருந்து ஆறி வரும் இன்சுலேட்டரின் மேல் சிவப்பு மையைத் தடவித் துடைப்பாள். பளபளப்புப் பூச்சில் ஊசிமுனை அளவுக்குத் துளை இருந்தால் போதும், மை அதற்குள் இறங்கி, துடைத்த பிறகும் பொட்டு வைத்தது மாதிரி நிற்கும். அந்தத் துளை வழியாக மழைத் தண்ணீர் இறங்கினால் கம்பத்தில் கரண்டு கசியும். பொட்டு விழுந்தது கழிவுக்குப் போகும். கொலு பொம்மை, தொட்டி என்றால் பசை வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். பதினோரு வருஷமாகத் துளையைப் பார்த்துப் பார்த்து அவள் கண் அப்படியே பழகிவிட்டது. பஸ்ஸில் போனாலும் முன்சீட்டு ரெக்சினில் துளை தேடும்.

அந்தக் கண்ணை முதலாளி ஊருக்குக் காட்ட ஆசைப்பட்டார். தை மாதத்தில் சின்ன யானை மாதிரி ஒரு புதுப் பெட்ரோல் சரக்கு வண்டி வாங்கி, வாசலில் நிறுத்தி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டபோது, வந்திருந்த பெரிய மனிதர்கள் முன்னால் அவளைக் கூப்பிட்டார்.

"இதாங்க நம்ம லேகா. இந்தப் பொண்ணு கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஏம்மா, நம்ம காம்பவுண்டுக்குள்ள வர எந்தப் பொருள்லயும் துளை இருக்கக் கூடாது. இந்த வண்டியில எங்கியாவது இருக்குதா, பாத்துச் சொல்லு."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவளுக்கு விளையாடத் தெரியாது. பம்பரிலிருந்து ஆரம்பித்து, கதவு, கண்ணாடி என்று பார்த்துக்கொண்டே வந்து, டிரைவர் சீட்டைத் தூக்கினாள். கீழே ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் கட்டுக்கட்டாக ஒயர் போனது. மறுபக்கத்தில், யாருக்கும் தெரியாத ஓரத்தில், ஒரு ஊசித்துளை இருந்தது.

"இங்க ஒண்ணு கீழ இருக்குது மொதலாளி. களிமண் மாவு பறக்குற எடம். உள்ள போனா கெட்டுடும்."

முதலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தீங்களா? எம்மாம் பெரிய கம்பெனி, கோடு போட்ட சட்ட இன்ஜினீருங்க ஆயிரம் பேரு. எங்க விருத்தாசலத்துப் பொண்ணு கண்டுபிடிச்சுட்டா. அடைம்மா" என்றார். அவள், சேர்த்தால் கல்லாய் இறுகும் இரண்டு குச்சிப் பசையைப் பிசைந்து, துளையின் மேல் வைத்துப் பெருவிரலால் அமுக்கினாள். எல்லாரும் கை தட்டினார்கள். முதலாளி கடைசிவரைக்கும் தட்டினார்.

நாலு மாசம் வண்டி பஞ்சாய்ப் பறந்தது. சேத்தியாத்தோப்பு, ஸ்ரீமுஷ்ணம், சிதம்பரம் என்று எங்கே போனாலும் ஒரு தும்மல் இல்லை. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா வந்தது. அங்கே தொட்டியும் பொம்மையும் விற்கக் கடை போட்டார் முதலாளி. கடைக்கும் விடுதிகளுக்கும் சரக்கு இறக்கப் பத்து நாள் தனபால் வண்டியோடு மலையிலேயே கிடந்தான். அங்கேதான் வந்தது வினை. வண்டி மேட்டில் இழுக்கவில்லை. கறுகறுவென்று புகை கக்கியது. நின்று நின்று போனது. தண்ணீர் குடிக்கிற மாதிரி பெட்ரோல் குடித்தது. தினமும் போன் போட்டுச் சொன்னான். முதலாளி, "கியரு போடத் தெரியாதவன்கிட்ட மல கோணலாத்தான் தெரியும்" என்று பழமொழி மாதிரி ஒன்றைச் சொந்தமாகச் செய்து சொன்னார்.

கீழே இறங்கியதும் வண்டியை சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார்கள். அங்கே பிரவீன்குமார் என்று ஒரு டை கட்டின ஆள். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "ஒரு கோளாறும் காட்டல சார். எல்லா நம்பரும் கரெக்டா இருக்கு. வண்டி பெர்பெக்ட். அப்ப டிரைவர்தான்" என்றார். ஊருக்குள் நாலு சுற்றுச் சுற்றினார். வண்டி பஞ்சாய்த்தான் பறந்தது. டை கட்டினவர் சொல்லிவிட்ட பிறகு முதலாளிக்கு வேறு என்ன வேண்டும். மறுநாள் காலை ஒலிபெருக்கியை எடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சந்திரலேகா வீட்டுக்கு வந்தபோது தனபால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தட்டில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது. பிளஸ் ஒன் படிக்கும் மகள் துர்காதேவி வாசலில் உட்கார்ந்து, கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழா தண்ணி புடிச்சியா?"

"போவல."

"ஏன்?"

"உங்க கம்பெனி வீராயி அத்தை, உங்கூட்டுல அடுப்பெரிக்கக்கூட பெட்ரோல்தானாமேன்னு கேக்குது."

சந்திரலேகா உள்ளே போய் மல்லாட்டைக் கடலையை வறுத்து, மிளகாயோடு அம்மியில் வைத்து அரைத்தாள். அரைத்த வேகத்தில் துவையல் பஞ்சாமிர்தம் மாதிரி ஆகிவிட்டது. அக்கினி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேலே காய்ந்த சூடு, பொழுது இறங்கியும் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"எந்திரிச்சு சாப்புடுங்க."

"வாணாம்."

"திருடியிருந்தா சாப்புடாம கெடக்கலாம். நீங்க எதுக்குக் கெடக்கறீங்க?"

தனபால் திரும்பிப் படுத்தான். "வுடு லேகா. ரெண்டு நாளு பேசுவாங்க. அப்பறம் வேற ஒருத்தன் கெடைப்பான்."

"அதுவரைக்கும் எம்பொண்ணு கொழாவுக்குப் போவாதா?"

"வேலைக்கி ரெண்டு பேரும் அவருகிட்டதான் இருக்கறம். எதுத்துக்கிட்டு என்னா பண்றது?"

"எதுக்க வேணாம். ஆனா ஒண்ணு கேக்கறன், சொல்லு." கோபம் வந்தால் அவளுக்கு 'ங்க' உதிர்ந்துவிடும். "அந்த ஆளு மைக்குல சொன்னப்ப நீ அங்கதான நின்ன. இல்லன்னு ஒரு வார்த்த ஏன் சொல்லல?"

"மைக்கு அவருகிட்ட இருந்துச்சு" என்றான் தனபால்.

இதற்கு மேல் அவனோடு பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. கத்துகிற புருஷனாக இருந்தால் அவள் அடங்கிப் போயிருப்பாள். அடங்கிக் கிடக்கிற புருஷன் வாய்த்ததால் இரண்டு பேர் கோபத்தையும் அவள் ஒருத்தியே படவேண்டி இருந்தது.

மறுநாள் உறுதிமொழி முடிந்து எல்லாரும் கலையப்போகும் நேரத்தில் அவள் முன்னால் போய் நின்றாள்.

"மொதலாளி, டேங்க நெரப்புங்க. மூடிய நீங்களே சீல் வைங்க. வண்டியில நீங்களும் ஏறுங்க. ஏற்காட்டுக்கு மேல போயி இறங்கிப் பாத்துட்டு, அப்பறம் எங்கூட்டுக்காரரத் திருடன்னு சொல்லுங்க. நானே மாலை போட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு இட்டுக்கிட்டுப் போறன்."

"நான் திருடன்னு சொன்னனா? பேரு சொன்னனா?" என்றார் முதலாளி.

"பேரு சொல்லலன்னா வண்டியில வர முடியாதா?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரமாட்டேன் என்றால் பயந்துவிட்டதாகப் பேச்சு வரும். அதோடு, கையும் களவுமாகப் பிடிப்பதில் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு ஆசை. "வரேன். நானே புடிக்கறேன்" என்றார்.

சீல் வைக்க அரக்குத் தேடினார்கள். கம்பெனியில் அரக்கு ஏது. மேஸ்திரி கோவிந்தராசு, மோல்டுக்கு ஊற்றும் பிளாஸ்டர் மாவைத் தண்ணீரில் கரைத்து, டேங்க் மூடி முழுக்கப் பூசி, ஈரம் காயுமுன் கம்பெனி முத்திரையை எடுத்து அமுக்கினார். டேங்க் மூடி, மாவுக்கட்டு போட்ட முழங்கால் மாதிரி ஆனது. முதலாளி அதைத் தன் செல்போனில் மூன்று கோணத்தில் படம் பிடித்துக்கொண்டார்.

தனபால் ஓட்டினான். பக்கத்தில் முதலாளி. பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே, வைக்கோல் சுற்றின தொட்டிகளுக்கு நடுவில் சந்திரலேகா. கேபினின் பின்பக்கச் சின்னக் கண்ணாடியை நகர்த்தி வைத்துக்கொண்டாள். சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி என்று அனல் காற்றில் வண்டி ஓடியது. முதலாளி வழி நெடுகத் தன் வாழ்க்கை வரலாற்றைத் தனபாலுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். சேலம் தாண்டி மலையடிவாரச் சோதனைச் சாவடியில், "பாத்தியா, பெட்ரோல் முள்ளு அவ்வளவா எறங்கவே இல்ல. நான் பக்கத்துல இருந்தா அதுவும் ஒழுங்கா இருக்குது" என்றார்.

தனபால் முதல் வளைவில் வண்டியைத் திருப்பினான்.

ஏழாவது வளைவுவரைக்கும் வரலாறு ஓடியது. பிறகு வண்டி இருமியது. தனபால் கியரைக் குறைத்தான். எஞ்சின் முக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த சந்திரலேகாவின் மூக்கில் பச்சைப் பெட்ரோல் நாற்றம் அடித்தது. எட்டிப் பார்த்தாள். சூளையில் காற்று அடைத்துக்கொண்டால் வருமே, அதே கறுப்புப் புகை, சாலை முழுக்க. பின்னால் வந்த கார்க்காரன் ஹாரனை அழுத்தி, முந்திப் போகும்போது கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போனான். பதினோராவது வளைவில் நின்றது. கிளப்பினான். பதினான்கில் நின்றது. கிளப்பினான். முதலாளி இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.

"முள்ளப் பாருங்க மொதலாளி" என்றாள் சந்திரலேகா கண்ணாடி வழியாக.

முள் அவர் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கதவைத் திறந்து எட்டி டேங்கைப் பார்த்தார். மாவுக்கட்டு முத்திரையோடு அப்படியே இருந்தது.

"முள்ளக் கையில போட்டுக்கிட்டான்" என்றார்.

"உம்" என்றான் தனபால். அன்று அவன் பேசிய முதல் சொல் அதுதான்.

மேலே ஏரிக்கரைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஒர்க்ஷாப். கனகா என்று ஒரு பெண் நடத்துகிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நைட்டிக்கு மேலே ஆண் சட்டை, காதில் பென்சில். தனபால் அந்தப் பத்து நாளில் இரண்டு தடவை அவளிடம் வந்து, முதலாளி சம்மதம் இல்லாமல் வண்டியில் கை வைக்கக்கூடாது என்று திரும்பிப் போயிருந்தான்.

"வாங்கண்ணா. இன்னிக்கி ஓனரையே புடிச்சாந்துட்டீங்களா?" என்றவள், ஸ்கேனரை எடுத்துச் சொருகிவிட்டு, திரையில் ஓடிய நம்பர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஏனுங்க, உங்க ஊர்ல மலை இருக்குதுங்களா?"

"ஊரு பேரே மலை" என்றார் முதலாளி.

"இருக்குதுங்களா?"

"மண்ணுக்குள்ள."

"அதுதான் பாத்தேன். இங்க பாருங்க. வெளிக்காத்தோட அழுத்தம். நூறுன்னு காட்டுது. அது கீழ தரையில இருக்கற நம்பரு. இந்த மலைமேல எண்பத்தஞ்சுதான் இருக்கோணும். வண்டி மேல வந்துருச்சுங்க. அதோட மூளை இன்னும் உங்க ஊரு பஸ் ஸ்டாண்டுலயே நிக்குது."

முதலாளிக்குப் புரியவில்லை என்பது அவர் தலையாட்டிய வேகத்தில் தெரிந்தது. கனகா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மேல ஏற ஏறக் காத்து லேசாகுங்க. காத்து கம்மியானா அதுக்குத் தகுந்தாப்புல பெட்ரோலையும் கம்மி பண்ணித்தான் வுடோணும். அந்தக் காலத்து வண்டின்னா கையில திருகி வெப்போம். இதுல சீட்டுக்குக் கீழ இருக்கற மூளைப் பெட்டியே வெளிக்காத்த மோந்து பாத்துக் கொறைச்சுக்கும். இது மோந்து பாக்கலீங்க. கீழ வுடற பெட்ரோலயே மேலயும் வுடுது. எரியறதுக்குக் காத்து இல்ல, மிச்சமெல்லாம் புகையாப் போகுது. புகைக் குழாயில ஒரு சென்சாரு இருக்குது, அதுவும் முடிஞ்சமட்டும் கொறைச்சுப் பாக்குது. அதுக்கும் ஒரு அளவு இருக்குதுல்லீங்க."

"எங்க ஊரு சர்வீஸ்ல கோளாறு இல்லன்னாங்களே."

"உங்க ஊர்ல கோளாறு எப்படீங்க காட்டும்? அங்க நூறுதான் சரி. நின்னு போன கடிகாரமும் அந்த ஒரு நேரத்துக்குச் சரியாத்தான இருக்கும். எங்கியோ மூக்கு அடைச்சிருக்குது. எறங்குங்கண்ணா."

சீட்டைத் தூக்கினாள். டார்ச் அடித்தாள். "அட, எவனோ பசை வெச்சு அடைச்சிருக்கானுங்க" என்றாள்.

சந்திரலேகா குனிந்து பார்த்தாள். கறுப்புப் பெட்டியின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்குச் சாம்பல் நிறப் பசை. அதன் மேல் ஒரு பெருவிரல் ரேகை, ஒரு கோடு அழியாமல் பதிந்திருந்தது. விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. நல்ல வேலை. கம்பெனியில் அப்படி அடைக்கத் தெரிந்தவள் ஒருத்திதான்.

இத்தனை நாளாகத் தூக்கிக்கொண்டு அலைந்த கோபம் சட்டென்று போக இடம் இல்லாமல் அவள் நெஞ்சுக்குள்ளேயே நின்றது. முதலாளியைக் கிழிக்கத்தான் மலைக்கு வந்தாள். மண்ணை வாரிப் போட்டது அவள் கை. அவள் தனபாலைப் பார்த்தாள். அவன் பசையைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்தான். தலையை லேசாக ஆட்டினான். வேண்டாம் என்று.

"எந்தப் பயலோட வேலை இது?" என்று முதலாளி சத்தம் போட்டார். அவருக்குத் திரும்ப உயிர் வந்துவிட்டது. "வித்தவன் அடைச்சிருப்பான். இல்ல, சர்வீஸ்காரன். எவனா இருந்தாலும் உள்ள தள்ளாம வுட மாட்டன்."

"லேகா, சும்மா இரு" என்றான் தனபால் மெல்ல. "வேல போயிடும்."

"உம்பேரு போனதே போதும்" என்றாள். முதலாளி பக்கம் திரும்பினாள். "நான்தான் மொதலாளி அடைச்சன். பூசையன்னிக்கி. நீங்கதான் அடைன்னீங்க."

"நான் எங்கம்மா சொன்னன்?"

"கை தட்டுனீங்க. எல்லாரும் நிறுத்துன பின்னாடியும் தட்டுனீங்க."

கனகா ஸ்பேனர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. சிரிப்பைத்தான் அப்படி இரும முடியும்.

சந்திரலேகா புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். அதன் முனையால் பசையின் விளிம்பைச் சுற்றிக் கீறி, நெம்பி எடுத்தாள். தை மாதத்தில் பிடித்து அடைத்த விருத்தாசலத்துக் காற்று, ஒரு குன்றிமணி அளவு, ஏற்காட்டில் வெளியேறியது. திரையில் நூறு எண்பத்தைந்தானது. தனபால் எஞ்சினைக் கிளப்பினான். கொஞ்ச நேரம் கறுப்பாய்த் துப்பிவிட்டு, புகை வெளுத்து, இல்லாமல் போனது. ஏரியைச் சுற்றி ஒரு நடை மேட்டில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தினான். ஒரு தும்மல் இல்லை.

அதற்குள் முதலாளி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். மேடையில் பேசுமுன் அப்படித்தான் போட்டுக்கொள்வார்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. பெரிய மனுசன் மனசு பெருசா இருக்கணும். உன்னையும் மன்னிச்சன், அவனையும் மன்னிச்சன். இத வெளிய பேச வாணாம். நாளைக்கி வேலைக்கி வந்துடுங்க."

"அவர எதுக்கு மன்னிக்கறீங்க?" என்றாள் சந்திரலேகா.

"அதான் சொல்றனே, மறந்துட்டன்னு."

"எத மறந்துட்டீங்க? நான் அடைச்சது தப்பு. என்னய மன்னிங்க, இல்ல வேலைய வுட்டுத் தூக்குங்க. அவரு என்னா பண்ணாரு? மன்னிச்சன்னு சொன்னா திருடுனான்னு அர்த்தம். போன் போட்டு மேஸ்திரிகிட்ட சொல்லுங்க. தனபால் பெட்ரோல் எடுக்கலன்னு. எல்லாருக்கும் கேக்கறாப்ல ஸ்பீக்கருல போடச் சொல்லி."

"ஒரு மொதலாளி அப்படியெல்லாம் சொன்னா நாளைக்கி எவன் மதிப்பான்?"

"இன்னிக்கி எவன் மதிக்கறான்?"

தனபால் எஞ்சினை அணைத்தான். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி, டயர் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "சொல்லிட்டு வாங்க மொதலாளி. எறங்கலாம்" என்றான்.

"டேய், நேரமாவுது. மேகம் வருது பாரு."

"ஆமாங்க. மழையில எறங்கறது செரமம். சீக்கிரம் சொல்லிட்டா நல்லது."

அவன் குரலில் கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை. அதுதான் முதலாளிக்குக் கிலியைக் கொடுத்தது. கத்துகிறவர்களை அவருக்குச் சமாளிக்கத் தெரியும்.

போனை எடுத்தார். டவர் இல்லை. கனகா வாசலில் வந்து நின்று, "வண்டி மேல ஏறி நின்னாக் கெடைக்குமுங்க" என்றாள். பீங்கான் பேரொளி சரக்குப் பெட்டியில் ஏறி, வைக்கோலை மிதித்துக்கொண்டு, தொட்டிகளுக்கு நடுவில் நின்றார்.

"கோவிந்தராசு. நான்தான். எல்லாரையும் கூப்புடு. தனபால் எடுக்கல. எடுக்கல. என்னாத்தவா? பெட்ரோலு. தனபால் பெட்ரோல் எடுக்கல. கேக்குதா?"

கேட்கவில்லை போலிருக்கிறது. அல்லது மேஸ்திரிக்கு ஒரு தடவை போதவில்லை.

"தன - பால். திருடல. திருடலய்யா. வண்டியில அடைப்பு. எங்க அடைப்பா? இன்னொரு தடவ சொல்லணுமா?"

ஏரிக்கு வந்த சுற்றுலாக்காரர்கள் நின்றார்கள். பஞ்சுமிட்டாய் வைத்திருந்த ஒரு குழந்தை கையைக் காட்டி, அந்தத் தாத்தா எதைத் திருடவில்லை என்கிறார் என்று தன் அம்மாவைக் கேட்டது. நாலாவது தடவை சொல்லி முடித்து அவர் குனிந்தபோது சந்திரலேகா கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"மேஸ்திரி, நான் லேகா. தொளைய அடைச்சது நான். தெரியாம அடைச்சன். அதையும் எல்லாருகிட்டயும் சொல்லுங்க. வீராயி பக்கத்துல இருந்தா அவளுக்கும்" என்றாள்.

இறங்கும்போது வண்டி பூனை மாதிரி இறங்கியது. இருபது வளைவிலும் முதலாளி பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அடிவாரத்தில் மழை விட்டு, தார் ரோடு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சோதனைச் சாவடி தாண்டி, டீக்கடைக்கு முன்னால் தனபால் ஓரங்கட்டினான். இறங்கி, சுற்றி வந்து, முதலாளியின் பக்கத்துக் கதவைத் திறந்து சாவியை அவர் கையில் வைத்தான்.

"இங்கேருந்து சமதரைதான் மொதலாளி. மேடு எதுவும் கெடையாது. நீங்களே ஓட்டிக்கிட்டுப் போயிடலாம்."

"வெளையாடாத. எப்ப ஓட்டுனது நான். இருவது வருஷம் ஆவுது."

"மெதுவாப் போங்க."

"வேலைய வுட்டுட்டு எங்கடா போவ?"

"வேற வண்டிக்கி" என்றான் தனபால்.

சந்திரலேகா தார்ப்பாயை விலக்கிக் குதித்து இறங்கினாள். அவளுக்கே இது தெரியாது. "என்னய ஒரு வார்த்த கேக்கல" என்றாள், பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்கும்போது.

"கேட்டா கத்துவ."

"இப்ப மட்டும் கத்த மாட்டனா? ரெண்டு பேருல ஒருத்தராவது வேலையில இருக்க வேணாமா?"

"நீ போ. உன்னயத்தான் மன்னிச்சுட்டாரே."

அவள் நின்று அவனைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பில்லை. சுருக்கமும் இல்லை. கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் இந்த ஆளுக்கும் கோபம் வரும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சத்தமே இல்லாமல், புகையே இல்லாமல் வருகிற கோபம்.

"போவன்" என்றாள். "போயி அந்த மேசையில குந்திக்கிட்டு, பொட்டு விழுந்தது ஒண்ணையும் வுட மாட்டன். மொதலாளியே கை தட்டுனாலும் வுட மாட்டன். எம்மாம் நாளுக்கு வெச்சிருப்பாரோ வெச்சிருக்கட்டும்."

பின்னால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஒரு குலுங்கல். அணைந்தது. மறுபடி கிளம்பியது. மறுபடி அணைந்தது, இந்த முறை நடுரோட்டில். சேலம் பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. இரண்டு கார் சேர்ந்துகொண்டது.

தனபாலின் கால் தானாக நின்றது. "கிளச்ச வெடுக்குனு வுடறாரு" என்றான்.

"வுடட்டும்."

"டிரைவரு ஒருத்தன் பாத்துக்கிட்டு நிக்க முடியாது லேகா. நடுரோட்டுல நிக்குது."

அவன் திரும்பப் போனான். சந்திரலேகா அவன் தோளை இரண்டு கையாலும் பிடித்து, சூளைத் தட்டில் பொம்மையைத் திருப்பி வைப்பது மாதிரி, பஸ் நிறுத்தத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள்.

"நட" என்றாள்.